கூப்பிடும் குரலுக்கு என்ன பதில்? நலிந்தோருக்கு உதவுவது பற்றி நம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், மூக்கையூர், தொண்டி என இராமநாதபுரம் கடற்கரையில் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாழும் ஊர்களில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்திலும் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. பங்கின் உதவிக் குழுவில் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

உதவி கேட்டு ஒருவர் வந்தால் முதலில் என்ன செய்வது? அவர் சொல்வது உண்மையா என்று விசாரிக்க வேண்டாமா?

மத்தேயு 14ஆம் அதிகாரத்தைக் கடற்கரைக்காரர்கள் நாம் வேறு யாரையும்விட நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். பேதுரு மீன்பிடிப்பவர். தண்ணீர்மேல் நடக்கத் தொடங்கினார், காற்றைப் பார்த்துப் பயந்தார், மூழ்கினார். "ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும்" என்று கத்தினார். இயேசு உடனே கையை நீட்டி அவரைப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் "நம்பிக்கை குன்றியவனே, ஏன் ஐயம் கொண்டாய்?" என்று கேட்டார். கேள்வி வரத்தான் செய்தது, ஆனால் கைக்கு அப்புறம் வந்தது.

கடலில் நாமும் அப்படித்தான் இருக்கிறோம். விழுந்தவன் எந்த ஊர்ப் படகு, ஏன் மிதவை போடவில்லை என்று யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, கயிற்றை வீசுகிறோம். கரையேறியதும் வரிசை மாறிவிடுகிறது. எந்தப் பங்கு, என்ன சாதி, குடிப்பாரா, போன வருடம் வாங்கியதைத் திருப்பித் தந்தாரா என்று எல்லாம் கேட்டு முடித்தபின்தான் கை நீள்கிறது. கடலில் உள்ள வரிசையைக் கரையிலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை.

அப்படியென்றால் ஏமாற்றுகிறவர்கள் கூடிவிட மாட்டார்களா?

சிலர் ஏமாற்றுவார்கள். அன்றைய சாப்பாடு, மருந்து, ஊர் திரும்பப் பஸ் காசு, இரவு தங்க இடம் ஆகியவற்றுக்கு விசாரணை வேண்டாம். இவற்றில் நாம் ஏமாந்தால் போவது சில நூறு ரூபாய். ஏமாறக் கூடாது என்று கதவைச் சாத்தினால் உண்மையாகவே பசித்தவரும் சேர்ந்து வெளியே நிற்பார்.

படிப்புச் செலவு, அறுவை சிகிச்சை, கடன் அடைப்பு என்று பெரிதாகப் போகும்போது இரண்டு பேராக வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசலாம். இயேசுவும் கேள்வி கேட்டிருக்கிறார். எரிகோ சாலையோரம் பர்த்திமேயு கத்தியபோது கூட்டம் அவரை அதட்டியது. இயேசு நின்றார், அவரை வரவழைத்தார், "நான் உமக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அதை அவர் வாயாலேயே சொல்ல விட்டார். நாமும் என்ன தேவை என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்க வேண்டும். நாம் கேட்கும் தொனியிலேயே வந்தவருக்கு நம் மனம் புரிந்துவிடும்.

குடிக்கிறவர் வீட்டுக்கு உதவலாமா? "உழைக்க மனமில்லாத எவரும் உண்ணலாகாது" என்று பவுலே எழுதியிருக்கிறாரே?

அந்த வசனத்தை (2 தெசலோனிக்கர் 3:10) அரைகுறையாக எடுத்து ஏழைகள்மேல் வீசுகிறோம். பவுல் சொன்னது மனமில்லாதவரை. உடம்பு முடியாதவரையோ வேலை கிடைக்காதவரையோ அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவருக்கு மனமிருந்தும் வேலை இல்லை. அந்த நாட்களில் உலை வைக்காத வீட்டைப் பார்த்து இந்த வசனத்தைச் சொல்வது பாவம்.

குடிப்பவர் கையில் பணமாகக் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், கடையில் அரிசிக்குச் சொல்லிவிடுங்கள், மருந்துச் சீட்டை வாங்கி மருந்தாகவே கொடுங்கள். அழுவது அவர் மனைவியும் பிள்ளைகளும், அவர் குடிக்கு அவர்களைத் தண்டிக்க முடியாது. அவரையும் கைவிடாதீர்கள். குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். முதல் தடவை தனியாகப் போக யாருக்கும் கால் வராது, கூடப் போங்கள்.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர் வீட்டுக்கு நாம் என்ன செய்ய முடியும்?

உடல் கிடைத்துவிட்டால் அடக்கம் உண்டு, பூசை உண்டு, சான்றிதழும் உண்டு. உடல் கிடைக்காத வீட்டில் எதுவும் முடிவதில்லை. அந்தப் பெண் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறாள். ராத்திரி கதவு சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிறாள். ஊருக்குள் ஒருத்தி "அக்கரையில பிடிச்சு வச்சிருப்பாங்க, வந்துருவார்" என்கிறாள், இன்னொருத்தி கருமாதியை முடிக்கச் சொல்கிறாள். ஏழாண்டு காலம் எந்தத் தகவலும் இல்லாதவரைத்தான் பொதுவாகச் சட்டம் இறந்தவராக அனுமானிக்கும். அதுவரை இறப்புச் சான்றிதழ் கிடைப்பதே பெரும்பாடு, அது இல்லாமல் காப்பீடும் வங்கிப் பணமும் நகராது.

முதல் வாரம் எல்லாரும் வருவோம். பாய் விரித்து உட்கார்ந்து அழுவோம், ஜெபமாலை சொல்வோம். ஏழாவது மாதத்தில் யார் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்போதுதான் படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தின் பேச்சு வரும், பெரிய பையனைப் படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிலுக்கு அனுப்பச் சொல்வார்கள். பையன் பள்ளியை விடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வீட்டுக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன்.

அலுவலக வேலையில் கூட நிற்கவும் ஆள் வேண்டும். கடலோரக் காவல் நிலையத்தில் புகார் பதிவாகி நகல் கைக்கு வந்ததா? அதே படகில் போனவர்களின் வாக்குமூலம் சேர்ந்ததா? மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தாரா, விபத்துக் காப்பீடு உண்டா? மீன்வளத்துறையில் மனு கொடுத்தாயிற்றா? பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு யார் கூட்டிப்போவது? ஒவ்வொரு தாளையும் ஒரே கோப்பில் போட்டு, பிரதி எடுத்து, தேதி எழுதி வைக்க எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்த வீட்டுக்கென்று இருக்க வேண்டும். கைம்பெண்ணையும் அநாதையையும் அவர்களுடைய துன்பத்தில் கவனிப்பதே தூய சமயப் பற்று என்று யாக்கோபு எழுதியது (1:27) இந்தக் கோப்பையும் சேர்த்துத்தான்.

வாய் திறந்து கேட்காதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவும் கழுத்தளவும் தண்ணீரில் மூழ்கி மூழ்கிப் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்து எடுப்பார்கள். பாறையும் சிப்பியும் கிழித்துவிடும் என்று ஒவ்வொரு விரலிலும் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கரையேறித் துணியை அவிழ்த்தால் விரல் நுனி வெளுத்துச் சுருங்கி, பழைய கீறல்மேல் புதுக் கீறலாக இருக்கும். தீவுகள் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அங்கே போகவும் தடை. கரையோரத்தில் பாசியும் குறைந்துவிட்டது. "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கோம்" என்பார்கள். நம்மிடம் எதுவும் கேட்கவும் மாட்டார்கள்.

இவர்களிடம் போய்க் காசை நீட்டினால் அவமானப்படுவார்கள். அவர்களுக்கு வேண்டியது சரியான விலை, கிழியாத கையுறை, கண்ணாடி, காயம்பட்டால் ஊசி போட ஒரு முகாம். இவற்றுக்காக அவர்களே சங்கமாகக் கூடிப் பேசும்போது பங்குச் சபை பக்கத்தில் நிற்கலாம். கேட்காதவர்களைக் கண்டுபிடிக்கக் குறுக்கு வழி கிடையாது, வீட்டுக்கு வீடு போக வேண்டும். பூசைக்கு வராதவர் பட்டியலை வசூலுக்கு மட்டும் எடுக்காமல், ஏன் வரவில்லை என்று பார்க்கவும் எடுங்கள். மாற்றுத் துணி இல்லாமல் வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வட்டிக்குக் கொடுப்பதும் ஒருவகை உதவிதானே? ஆத்திர அவசரத்துக்குக் கிடைக்கிறதே?

இல்லை. இதில் நான் வளைந்து பேச விரும்பவில்லை. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே, அடகாக வாங்கிய மேலாடையைச் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடு, அவன் வேறு எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவான், அவன் என்னை நோக்கிக் கூப்பிட்டால் நான் கேட்பேன் என்று கடவுள் சொல்வதாக விடுதலைப் பயணம் 22ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இணைச்சட்டம் 24இல், அடகு வாங்கப் போனவன் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கடன்பட்டவனுக்கும் வாசற்படிக்குள் ஒரு மரியாதை உண்டு.

நம் ஊர்களில் கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டே தினவட்டி, மீட்டர் வட்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. முன்பணம் கொடுத்து ஒரு குடும்பத்தையே படகோடு கட்டிப்போடுகிற சம்மாட்டிகளும் (படகு முதலாளிகளும்) இதைக் கேட்க வேண்டும். மகளிர் குழுக் கடன், கூட்டுறவு வங்கி நகைக்கடன் எங்கே எப்படிக் கிடைக்கும் என்று சொல்லித் தருவது இங்கே நிஜமான உதவி.

மனநலம் பாதிக்கப்பட்டவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

2001 ஆகஸ்ட் 6 நம் மாவட்டம் மறக்கக் கூடாத நாள். ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அந்த மாதத்திலேயே அங்கிருந்த அப்படிப்பட்ட காப்பகங்களை அரசு மூடியது. அங்கே தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். வேறு வழி தெரியாமல்தான் பலர் விட்டார்கள். அதனால் இதை எந்த மதத்தார்மேலும் பழியாகப் போட நமக்கு உரிமை இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. வீட்டுக் கொல்லைப்புறத்தில் கட்டி வைத்திருப்பது தெரிந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் கல்லறைகளுக்கிடையே வாழ்ந்த ஒருவர் வருகிறார். ஊரார் அவரைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள், அவர் முறித்துப் போட்டார். இரவும் பகலும் கத்திக்கொண்டிருந்தார், யாரும் கிட்டே போகவில்லை. இயேசு போனார். கதையின் முடிவில் அவர் ஆடை உடுத்தி, தெளிந்த மனதோடு உட்கார்ந்திருக்கிறார். உம்மோடு வருகிறேன் என்று அவர் கெஞ்சியும் இயேசு அவரை அவர் வீட்டுக்கு, சொந்தக்காரர்களிடம் அனுப்புகிறார். குணமானவருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு வேண்டும். இன்றும் மருந்தால் தேறி, கூட்டிப்போக ஆளில்லாமல் காப்பகத்திலேயே கிடப்பவர்கள் உண்டு.

ஜெபம் செய்யுங்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஜெபித்தாயிற்று, இனி மருந்து வேண்டாம் என்று சொல்லும் ஊழியர் யாராக இருந்தாலும் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். அப்புறம், அவரைப் பார்த்துக்கொள்ளும் தாயையோ அக்காவையோ கவனியுங்கள். வாரத்தில் ஒரு மதியம் நீங்கள் அவரோடு உட்கார்ந்தால் அந்த அக்கா இராமநாதபுரம் போய்த் தன் வேலையைப் பார்த்து வருவார்.

அரிச்சல்முனைத் திட்டில் யாராவது இறக்கி விடப்பட்டிருப்பதைப் பார்த்தால்? உதவினால் கேஸ் வருமா?

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அலை அலையாக வந்த மக்களை இந்தக் கரை ஏற்றுக்கொண்டது, மண்டபம் அகதிகள் முகாம் அதற்குச் சாட்சி. 2022இல் இலங்கைப் பொருளாதாரம் விழுந்தபோது மறுபடி வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களைக்கூடப் படகோட்டிகள் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். வெயிலுக்கு நிழலும் குடிக்க நல்ல தண்ணீரும் அங்கே கிடையாது.

தண்ணீரும் சாப்பாடும் கொடுங்கள், உடனே கடலோரக் காவல் குழுமத்துக்கோ கடலோரக் காவல் படைக்கோ சொல்லுங்கள். உயிர் காப்பதற்குச் சட்டம் தடையில்லை, கடலில் ஆபத்தில் இருப்பவரை மீட்பது சர்வதேச விதிப்படியே கடமை. ஒளித்து வைப்பதோ காசு வாங்கிக்கொண்டு ஏற்றி இறக்குவதோ வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

பவுல் போன கப்பல் மால்டாவில் உடைந்தது. அந்தத் தீவார் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை, அவருடைய கடவுளையும் அறிந்ததில்லை. மழையிலும் குளிரிலும் நனைந்து வந்த அத்தனை பேருக்கும் நெருப்பு மூட்டிச் சேர்த்துக்கொண்டார்கள் (திருத்தூதர் பணிகள் 28). வந்தவர்களில் கைதிகளும் இருந்தார்கள்.

நம் பகுதியில் இப்படி வாழ்ந்து காட்டியவர் யாராவது உண்டா?

ஓரியூரில் 1693 பிப்ரவரி 4இல் உயிர் கொடுத்த அருளானந்தரை எல்லாருக்கும் தெரியும், எல்லா மதத்தாரும் அங்கே போகிறார்கள். மண்டபம் பக்கத்து வேதாளையை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைக் குரு அந்தோணி கிரிமினாலி 1549இல் அங்கே கொல்லப்பட்டார். படை வந்தபோது படகேறித் தப்பிக்க அவருக்கு வழி இருந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் படகுகளுக்கு அனுப்புவதற்காக அவர் கரையிலேயே நின்றுவிட்டார். வயது முப்பதைக்கூடத் தொடவில்லை. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை வேதாளைக்குக் கூட்டிப்போங்கள்.

உதவும்போது வேதம் சொல்லலாமா? கிறிஸ்தவர்களுக்கு மட்டும் செய்தால் போதுமா?

இரண்டுக்கும் இல்லை. பத்துத் தொழுநோயாளர்கள் சத்தமிட்டுக் கூப்பிட்டார்கள், பத்துப் பேரும் குணமானார்கள். நன்றி சொல்லத் திரும்பியவர் ஒருவர், அவரும் சமாரியர். திரும்பாத ஒன்பது பேரின் நோய் திரும்ப வரவில்லை. பசித்தவனிடம் சோற்றோடு துண்டுப் பிரசுரத்தை நீட்டினால் அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் அவனை நிறுத்துவது தவறு. நீங்கள் யார் என்று அவராகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கொடுத்ததைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா?

வேண்டாம். கணக்கைப் பங்குக்குக் காட்டுங்கள், வாங்கியவர் முகத்தைக் காட்டாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே?

அந்தப் பயம் இனி வேண்டாம். லூக்கா 10இல் வரும் நல்ல சமாரியரின் பெயராலேயே 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் பாதுகாப்பு வந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்கு வராது, பெயர் சொல்லவும் கட்டாயமில்லை. பணம் யார் கட்டுவது என்ற கவலையும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்துக்குக் குறிப்பிட்ட தொகைவரை சிகிச்சை இலவசம்.

என்னிடமே ஒன்றும் இல்லை. நான் என்ன செய்வது?

கோயில் வாசலில் கால் ஊனமுற்றவர் காசு கேட்டபோது "வெள்ளியும் பொன்னும் என்னிடமில்லை" என்றார் பேதுரு. அதோடு போய்விடாமல் வலது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். முன்பு மூழ்கும்போது தன் கையை ஒருவர் பிடித்தது அவருக்கு மறந்திருக்காது. மனு எழுதலாம், ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு இருக்கலாம், முதியோர் ஓய்வூதியம் வாங்கப் பாட்டியை வங்கிக்குக் கூட்டிப்போகலாம். சலித்துப்போனால் வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுங்கள். இயேசுவும் கூட்டத்தை விட்டுத் தனியிடத்துக்குப் போயிருக்கிறார்.

அவசரத்துக்கு எந்த எண்?

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை 1554, கடலோரக் காவல் குழுமம் 1093. ஆம்புலன்ஸ் 108. பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567. மனம் உடைந்து சாகலாமா என்று நினைப்பவருக்கு, அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும், 14416. எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். "ஒன்றை அழுத்தவும்" என்று பதிவுக் குரல் வந்ததுமே பல பெரியவர்கள் போனை வைத்துவிடுகிறார்கள். மறுமுனையில் ஆள் பேசும்வரை பக்கத்திலேயே இருங்கள்.